ரெஜிமெண்ட் வேறு, பட்டாலியன் வேறு

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு வந்த தாளில் பையனின் வேலை 'நாயக், மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று இருக்கிறது. வீட்டில் பாதிப் பேர் பையனுக்குச் சென்னையில் வேலை என்றே நினைத்துவிட்டார்கள். பையனின் அப்பாவோ போனில் 'அவன் பட்டாலியன் இப்போ ராஜஸ்தான் பக்கம்' என்றாராம். இதற்கு நடுவில் கொழிஞ்சாம்பாறைப் பெரியப்பா, தானும் ரெஜிமெண்டில் இருந்தவன்தான், பீரங்கிப் படையில், ரெஜிமெண்ட் என்றால் மொத்தமே சில நூறு பேர், எல்லோரும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள் என்று அடித்துச் சொல்கிறார். இதில் யார் சொல்வது சரி, ரெஜிமெண்ட் என்றால் என்னதான் என்பது கேள்வி.

தாளில் இருப்பதும் சரி, அப்பா சொன்னதும் சரி, பெரியப்பா சொன்னதும் அவர் இருந்த இடத்துக்குச் சரி. சென்னையில் வேலை என்பது மட்டும்தான் தப்பு. நான் இதே மெட்ராஸ் ரெஜிமெண்டில் கிளார்க்காக இருந்து வந்தவன், எண், பதவி, பெயர், யூனிட் என்று எழுதி எழுதியே சர்வீஸ் முடிந்தது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

காலாட்படையில் ரெஜிமெண்ட் என்பது ஒரு ஆள் எந்த வழியைச் சேர்ந்த சிப்பாய் என்று சொல்லும் பெயர். அது மொத்தமாக ஓர் இடத்தில் முகாம் போடாது, மொத்தமாகச் சண்டைக்கும் போகாது. சண்டைக்குப் போவது, முகாமில் தங்குவது, ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் மாறுவது எல்லாம் பட்டாலியன். ஆனால் பீரங்கிப் படையிலும் டாங்கிப் படையிலும் ஏறக்குறைய அந்த பட்டாலியன் அளவு யூனிட்டையே ரெஜிமெண்ட் என்று கூப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்குக் காரணம் இதுதான்.

நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்வதானால் ரெஜிமெண்ட் ஒரு குலம். குலதெய்வம் ஒன்று, கோயில் ஒன்று, ஆனால் குடும்பங்கள் ஒன்று உடுமலையில், ஒன்று ஈரோட்டில், ஒன்று சித்தூரில் என்று பிரிந்து கிடக்கும். குலம் முழுக்க ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. அந்தத் தனித்தனிக் குடும்பங்கள்தான் பட்டாலியன்கள்.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் கோயில் என்று சொல்லத்தக்க இடம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிற ரெஜிமெண்டல் சென்டர். புதிதாகச் சேரும் பையன் அங்கே போய்த்தான் பயிற்சி முடித்து, கசம் பரேடில் சத்தியம் செய்து, சிப்பாய் ஆகிறான். அவனுடைய சர்வீஸ் ரெக்கார்டைப் பராமரிக்கிற ஆபீஸும் அங்கேதான், பின்னாளில் பென்ஷன் காகிதம் புறப்படுவதும் அங்கிருந்துதான். சென்டருக்குக் கமாண்டன்ட் ஒருவர் உண்டு, பிரிகேடியர். ரெஜிமெண்டுக்கு 'கர்னல் ஆஃப் தி ரெஜிமெண்ட்' என்று ஒருவர் இருப்பார், பெயரில் கர்னல் என்றாலும் ஆள் பெரிய ஜெனரலாக இருப்பார், அது ஒரு கௌரவப் பொறுப்பு, குடும்பப் பெரியவர் ஸ்தானம், அவர் யாருக்கும் போர்க்கள உத்தரவு கொடுப்பதில்லை. இன்னொரு விஷயம், வெலிங்டன் என்றதும் அங்கிருக்கும் டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது முப்படை அதிகாரிகளும் படிக்க வருகிற கல்லூரி, ரெஜிமெண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

'மெட்ராஸ்' என்ற பெயர் இன்றைய சென்னை நகரத்தைக் குறிப்பதும் இல்லை, தமிழ்நாட்டை மட்டும் குறிப்பதும் இல்லை. அது பழைய சென்னை மாகாணத்தின் பெயர். பாலக்காடு அந்தக் காலத்தில் மலபார் மாவட்டம், மெட்ராஸ் மாகாணத்துக்குள் இருந்தது. உங்கள் பெரியப்பா இருக்கும் கொழிஞ்சாம்பாறை சித்தூர் தாலுக்கா, அது கொச்சி ராஜாவின் நாடு. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானப் படைகளை இந்திய ராணுவத்தில் சேர்த்தபோது திருவிதாங்கூர் படை 9 மெட்ராஸ், 16 மெட்ராஸ் என்று ஆனது, கொச்சிப் படை 17 மெட்ராஸ் ஆனது, மைசூர்ப் படை 18 மெட்ராஸ் ஆனது. ஆக தெற்கு முழுக்க இதற்குள் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா எல்லா இடத்துப் பையன்களும் வருவார்கள்.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆள் சேர்ப்பு அலுவலகம் மாவட்டக் கணக்கு. பாலக்காடு மாவட்டத்துப் பையன் கோழிக்கோடு அலுவலகத்துக்குக் கீழே வருவான், கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி இந்தப் பக்கம் பொள்ளாச்சியில் வீடு இருந்தால் கோயம்புத்தூர் அலுவலகம். ஒரே வாய்க்காலில் குளித்து, ஒரே கிரவுண்டில் ஓடிப் பழகிய ரெண்டு பேர் வேறு வேறு ஊர்களில் போய் ரேலியில் ஓடுவார்கள், அப்புறம் ரெண்டு பேரும் வெலிங்டனில் ஒரே பேரக்கில் பக்கத்துக் கட்டிலில் வந்து விழுவார்கள். 2022இல் அக்னிபத் திட்டம் வந்தபோது இனிமேல் சேர்ப்பு 'அகில இந்தியா, அனைத்து வகுப்பு' என்ற அடிப்படையில் என்று அறிவித்தார்கள், அதனால் ரெஜிமெண்டுகளின் இந்தப் பிராந்திய முகம் காலப்போக்கில் மாறலாம். மாறினால் நல்லதா கெட்டதா என்பது தனிச் சண்டை, ரெண்டு பக்கமும் ஓய்வு பெற்ற ஜெனரல்களே நின்று வாதாடுகிறார்கள், நான் உள்ளே போகவில்லை.

சின்னம் யானை. கேடயத்தில் யானை, பின்னால் குறுக்கே ரெண்டு வாள். 1803இல் அசாயே சண்டையில் மராட்டியரோடு மோதியபோது மெட்ராஸ் படை காட்டிய வீரத்துக்குக் கிடைத்த யானை அது. போர்க்கூச்சல் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'. தமிழனுக்கும் மலையாளிக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்லாத கூச்சல், தெலுங்குப் பையனும் கன்னடப் பையனும் அதையேதான் கத்துகிறார்கள். இந்திய ராணுவத்தின் காலாட்படை ரெஜிமெண்டுகளில் மூத்தது இது என்று எங்களுக்கு ஒரு பெருமை, 1758 வரை கணக்குப் போகும். சின்னம், கூச்சல், பழைய வெற்றிகள், கொடி, தொப்பியில் குத்தும் பேட்ஜ், எல்லாம் ரெஜிமெண்டின் சொத்து. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததை 9 மெட்ராஸ் இன்றும் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுகிறது. இந்திய ராணுவம் என்ற ஒன்றே இல்லாத காலத்துச் சண்டை அது, ஆனாலும் அந்தப் படையின் வழி அறுபடாமல் இவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

சரி, பட்டாலியனுக்கு வருவோம். ஏறக்குறைய 800 பேர். நடத்துபவர் ஒரு கர்னல், அவர்தான் கமாண்டிங் ஆபீசர், பேச்சில் சிஓ. உள்ளே ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று 4 ரைஃபிள் கம்பெனிகள், அதோடு மோர்ட்டார் மாதிரி பெரிய ஆயுதங்கள் வைத்திருக்கும் சப்போர்ட் கம்பெனி, சமையல் முதல் சம்பளம் வரை பார்க்கும் ஹெட்குவார்ட்டர் கம்பெனி. ஒரு ரைஃபிள் கம்பெனிக்கு 3 பிளாட்டூன், ஒரு பிளாட்டூனுக்கு 3 செக்‌ஷன், செக்‌ஷனுக்குப் பத்துப் பேர். கம்பெனிக்கு மேஜர், பிளாட்டூனுக்குப் பெரும்பாலும் சுபேதார் அல்லது நாயப் சுபேதார், செக்‌ஷனுக்கு ஹவில்தார். உங்கள் மாப்பிள்ளை நாயக் என்றால் தோளில் ரெண்டு பட்டை, ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. பட்டாலியனுக்கு மேலே போனால் 3 பட்டாலியன் சேர்ந்தால் ஒரு பிரிகேடு, 3 பிரிகேடு சேர்ந்தால் ஒரு டிவிஷன், பீரங்கி, இன்ஜினியர் எல்லாம் கூடவே ஒட்டிக்கொள்ளும், அதற்கும் மேலே கோர்.

இந்த ஏணியில் ரெஜிமெண்ட் என்று ஒரு படி வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பிரிகேடுக்குள் ஒரு மெட்ராஸ் பட்டாலியன், ஒரு கிரனேடியர்ஸ் பட்டாலியன், ஒரு சீக் பட்டாலியன் என்று கலந்துதான் போடுவார்கள். 1971 போரில் பசந்தர் ஆற்றைக் கடந்த பிரிகேடில் 16 மெட்ராஸும் 3 கிரனேடியர்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, அதில் 16 மெட்ராஸின் சிஓ லெப்டினன்ட் கர்னல் கய் உயிரிழந்து மகாவீர் சக்கரம் பெற்றார். அன்றைக்கு மெட்ராஸ் ரெஜிமெண்டின் மற்ற பட்டாலியன்கள் எல்லாம் வேறு வேறு இடங்களில், வேறு வேறு பிரிகேடுகளில். அதனால் 'மெட்ராஸ் ரெஜிமெண்ட் போருக்குப் போனது' என்று பேச்சுக்குச் சொல்லலாம், எழுத்தில் எந்த பட்டாலியன் என்று எண் சொல்லாமல் அந்த வாக்கியம் முடியாது.

எண்ணைச் சொல்லும் முறை இதனால்தான் வந்தது. '16 மெட்ராஸ்' என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 16ஆவது பட்டாலியன். ரெஜிமெண்ட், பட்டாலியன் என்ற ரெண்டு வார்த்தையுமே அதில் இல்லை, ஆனால் ரெண்டும் உள்ளே இருக்கிறது. ஒரு சிப்பாய் சென்டரில் பயிற்சி முடித்து ஒரு பட்டாலியனுக்குப் போனால் பெரும்பாலும் கடைசி வரை அதே பட்டாலியன்தான், நடுவில் சில வருஷம் என்சிசிக்கோ, சென்டருக்குப் பயிற்சியாளராகவோ, காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்க்க ராணுவம் வைத்திருக்கும் ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கோ போய்வருவார். ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் 8, 25, 38 ஆகிய எண்களில் இருப்பவை மெட்ராஸ் ஆட்களை வைத்து அமைத்தவை. பையன் '25 ஆர்ஆர்' என்று சொன்னால் வேறு வேலைக்கு மாறிவிட்டார் என்று பயப்பட வேண்டாம், குலம் அதேதான்.

குலம் மாறிய கதையும் உண்டு. 1 மெட்ராஸ் என்று ஒரு பட்டாலியன் இருந்தது, 1776இல் தஞ்சாவூரில் தொடங்கியது. 1979இல் கவச வண்டியில் போய்ச் சண்டை போடும் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமெண்டை அமைத்தபோது அதன் முதல் பட்டாலியனாக இதைக் கொண்டுபோய்விட்டார்கள். மனிதர்கள், கோப்பைகள், வரலாறு எல்லாம் போயின. முன்பு 1949இல் கார்ட்ஸ் என்ற புதுப் படையைத் தொடங்கியபோதும் பஞ்சாப், கிரனேடியர்ஸ், ராஜபுதனா ரைபிள்ஸ், ராஜ்புத் ரெஜிமெண்டுகளிலிருந்து ஆளுக்கொரு மூத்த பட்டாலியனை எடுத்தார்கள். அந்த கார்ட்ஸின் முழுப் பெயர் 'பிரிகேட் ஆஃப் தி கார்ட்ஸ்'. பெயரில் பிரிகேடு என்று இருக்கும், ஆள் ரெஜிமெண்ட். ராணுவத்தில் பெயரை மட்டும் படித்து முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இப்போது பெரியப்பா பக்கம். பீரங்கிப் படையில் ஒரு பீல்டு ரெஜிமெண்டோ மீடியம் ரெஜிமெண்டோ 18 பீரங்கிகள் கொண்ட ஒரே யூனிட். அதற்குள் கம்பெனிக்குப் பதில் பேட்டரி, ஒரு பேட்டரிக்கு 6 பீரங்கி. இதற்கும் தலைமை ஒரு கர்னல்தான். இந்த ரெஜிமெண்ட் ஒரே இடத்தில் இருக்கும், மொத்தமாக மாறும், மொத்தமாகச் சுடும். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் மொத்த பீரங்கிப் படைக்குமே 'ரெஜிமெண்ட் ஆஃப் ஆர்டிலரி' என்றுதான் பெயர் என்பதை அவரிடம் நினைவுபடுத்துங்கள், சிரிப்பார். ரெஜிமெண்டுக்குள் நிறைய ரெஜிமெண்ட். டாங்கிப் படையிலும் ரெஜிமெண்ட் என்றால் ஒரே யூனிட், 45 டாங்கி, உள்ளே ஸ்குவாட்ரன்கள். தெற்கத்திக்காரர்கள் அதிகம் இருக்கும் டாங்கி யூனிட் '16 லைட் கேவல்ரி', அதுவும் 1776இல் பிறந்தது, குதிரைப்படையாக. பெயரில் ரெஜிமெண்டும் இல்லை, டாங்கியும் இல்லை.

ஆளைப் பார்த்து எந்தப் படை என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி, கடைசிப் படியில் இருப்பவரை என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். காலாட்படையில் சிப்பாய், பீரங்கியில் கன்னர், டாங்கியில் சவார், இன்ஜினியரில் சாப்பர். டாங்கியில் சுபேதார் இல்லை, ரிசால்தார். ஹவில்தார் இல்லை, தஃபேதார். சாப்பர் என்றதும் நினைவு வருகிறது, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸும் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டும் வேறு வேறு. பெயரில் மெட்ராஸ் பொது, ராணுவத்தில் ரெண்டு பேரையும் 'தம்பி' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள், அதனால் கல்யாணத் தாள்களில் இதுவும் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வந்தது என்று கேட்டால் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போக வேண்டும். வார்த்தையின் வேர் லத்தீனில் 'ஆளுதல்'. ரெஜீம் என்று அரசியல் செய்தியில் வருவதும், டாக்டர் எழுதிக் கொடுக்கும் ரெஜிமென் என்பதும் அதே வேர்தான். ஒரு கர்னலின் ஆளுகைக்குள் இருக்கும் படை ரெஜிமெண்ட். முதலில் இருந்தது இது மட்டும்தான், ஒரு கர்னல், ஒரு ரெஜிமெண்ட், அவ்வளவே. சண்டைக்களத்தில் அதை நிறுத்தும் அணிக்குப் பெயர் பட்டாலியன். பல ரெஜிமெண்டுகளுக்கு ஒரே ஒரு பட்டாலியன்தான் இருந்தது என்பதால் ரெண்டு வார்த்தையும் ஒரே கும்பலைக் குறித்தன, யாருக்கும் குழப்பம் இல்லை. ஒரே ரெஜிமெண்டுக்குள் பட்டாலியன்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போன பிறகுதான் ரெண்டும் பிரிந்தன.

வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், 1806 ஜூலை 10. பள்ளிப் பாடத்தில் படைப்பிரிவுகள் என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிறார்கள். கோட்டைக்குள் இருந்தவை மெட்ராஸ் காலாட்படையின் 1ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த ரெண்டு பட்டாலியன்களும், 23ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாலியனும். அதாவது 1ஆம் ரெஜிமெண்ட் முழுசாக உள்ளே இருந்தது, 23ஆம் ரெஜிமெண்டில் பாதி மட்டும்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் 1796 முதல் ஒரு ரெஜிமெண்டுக்கு ரெண்டு பட்டாலியன் என்ற ஏற்பாடு இருந்ததால் இப்படி. வெள்ளைக்காரர் பக்கம் 69ஆவது ரெஜிமெண்டின் 4 கம்பெனிகள். விடிந்ததும் ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி கொண்டுவந்த 19ஆவது லைட் டிரகூன்ஸ் குதிரைப்படை, அதுவும் ஒரு ரெஜிமெண்ட். புரட்சிக்குப் பிறகு அந்த மூன்று பட்டாலியன்களையும் கலைத்துவிட்டார்கள். 1824இல் அந்த ரெட்டைப் பட்டாலியன் ஏற்பாட்டையே கைவிட்டு ஒவ்வொரு பட்டாலியனையும் தனி ரெஜிமெண்ட் என்று எண் மாற்றிவிட்டார்கள். பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்குத் தலை சுற்றுவது இங்கேதான், 1820இல் ஒரு எண், 1825இல் வேறு எண், ஆள் அதே ஆள்.

அந்த 69க்கு என்ன ஆனது தெரியுமா? 1881இல் பிரிட்டனில் எண்களை எல்லாம் எடுத்துவிட்டு ஊர்ப் பெயர் வைத்து, ரெண்டு ரெண்டு பழைய ரெஜிமெண்டுகளைச் சேர்த்துப் பெரிய ரெஜிமெண்ட் ஆக்கினார்கள், ஒரு பட்டாலியன் உள்நாட்டில், இன்னொன்று இந்தியா மாதிரி வெளிநாட்டில் என்ற கணக்கில். 69ஆவது ரெஜிமெண்ட் அன்றைக்கு வெல்ஷ் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாலியன் ஆனது. வேலூரில் ரெஜிமெண்டாக இருந்தது பின்னால் பட்டாலியன். அதே வேலையை இந்தியாவில் 1922இல் செய்தார்கள், தனித்தனி ரெஜிமெண்டுகளைக் கும்பலாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக்கென்று ஒரு நிரந்தர பட்டாலியன் வைத்தார்கள், இன்றைய ரெஜிமெண்டல் சென்டரின் மூதாதை அது. காலாட்படையில் மட்டும் இந்த மாற்றம் முழுசாக ஒட்டிக்கொண்டது. பீரங்கியிலும் டாங்கியிலும் இன்றும் பழைய அர்த்தம்தான், ஒரு கர்னலுக்கு ஒரு ரெஜிமெண்ட். பெரியப்பா சொல்வது பழைய அர்த்தம், மாப்பிள்ளை எழுதியிருப்பது புது அர்த்தம்.

வெளிநாட்டுச் செய்தி படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ரஷ்யப் படையில் ரெஜிமெண்ட் என்றால் பல பட்டாலியன்கள் சேர்ந்து ஒன்றாகச் சண்டை போடும் ஒரு நிஜப் படை, உலகப் போர்க் காலத்து அமெரிக்கப் படையிலும் அப்படித்தான், 3 பட்டாலியன் சேர்ந்தால் ஒரு ரெஜிமெண்ட். நம் ஊர்க் கணக்கில் அது பிரிகேடுக்குப் பக்கத்தில் வரும். நம் பத்திரிகைகள் ரெஜிமெண்ட், பட்டாலியன், பிரிகேடு, டிவிஷன் எல்லாவற்றுக்கும் 'படைப்பிரிவு' என்றே போட்டுவிடுவதால் செய்தியில் வருவது 800 பேர் கொண்ட கும்பலா 10,000 பேர் கொண்ட கும்பலா என்றே தெரியாமல் போகிறது. எனக்கு இது பெரிய எரிச்சல். ஆங்கில வார்த்தையையே தமிழ் எழுத்தில் போட்டால் யாரும் அடிக்கப்போவதில்லை.

நம் பேச்சில் புழங்கும் 'பட்டாளம்' என்பதே பட்டாலியனிலிருந்து வந்ததுதான். வடக்கே அதுவே 'பல்டன்' ஆனது, இன்றும் காலாட்படைக்காரர்கள் தங்கள் யூனிட்டைப் பல்டன் என்றுதான் சொல்வார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ராணுவத்துக்காரர் எல்லோரும் பட்டாளத்துக்காரர்தான், விமானப்படையில் சூலூரில் இருந்தவரும் பட்டாளத்துக்காரர்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'பட்டாலியனில் இருக்கிறார்' என்று யாராவது சொன்னால் அது ராணுவமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. முட்டிக்குளங்கரையில் இருப்பது கேரள ஆயுதப் போலீசின் 2ஆவது பட்டாலியன், கோவைப்புதூரில் இருப்பது தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 4ஆவது பட்டாலியன். ரெண்டும் மாநிலப் போலீஸ். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் எல்லாம் மத்திய அரசின் படைகள், உள்துறைக்குக் கீழே, அவர்களுக்கும் பட்டாலியன் உண்டு, ஆனால் ராணுவக் காலாட்படையில் இருப்பது போன்ற ரெஜிமெண்ட் கிடையாது. ராணுவத்திலேயே டெரிட்டோரியல் ஆர்மி என்று ஒன்று இருக்கிறது, வேறு வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகச் சேவை செய்வது, கோயம்புத்தூரில் இருக்கும் 110ஆம் எண் பட்டாலியன் அந்த வகை, அதற்கும் ரெஜிமெண்ட் மெட்ராஸ்தான். மோகன்லாலுக்கு 2009இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்ததும் டெரிட்டோரியல் ஆர்மியில்தான், அதனால் மலையாளிகளுக்கு இந்தப் பெயர் நம்மைவிடப் பழக்கம்.

சரி, அக்கா விஷயம். பையன் எங்கே வேலை செய்கிறார் என்பதைவிட அவருடைய பட்டாலியன் இப்போது பீஸ் ஸ்டேஷனில் இருக்கிறதா பீல்டில் இருக்கிறதா என்று கேட்பதுதான் உங்களுக்கு உபயோகம். பீஸ் ஸ்டேஷன் என்றால் கல்யாணமானவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, வரிசைப்படி கிடைக்கும், கிடைத்ததும் அக்கா கூடப் போய் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரி கொல்லம்காரியாகவோ சித்தூர்க்காரியாகவோ இருப்பாள், பேச்சுத் துணைக்குப் பஞ்சம் இல்லை. பீல்டு என்றால் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது, அந்த ரெண்டு மூன்று வருஷம் அக்கா மாமியார் வீட்டிலோ உங்கள் வீட்டிலோதான் இருக்க வேண்டும், லீவில்தான் பார்க்கலாம். இப்போது ராஜஸ்தான் என்பது நிரந்தரம் இல்லை, பட்டாலியன் மாறும்போது அவரும் மாறுவார். இதை முன்கூட்டியே அக்காவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் 'சென்னைக்கு மாற்றல் வாங்க முடியுமா' என்று மட்டும் கேட்க வேண்டாம்.

பையன் சேர்ந்த முறையையும் கேளுங்கள். நாயக் என்று பதவி இருப்பதால் இவர் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீர் இல்லை, பழைய முறையில் சேர்ந்த ரெகுலர் சிப்பாய், பென்ஷன் உள்ளவர். அக்னிவீர் என்றால் 4 வருஷம், அதற்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், அந்த இடத்தில் கேள்விகள் வேறு.

கடிதம் அனுப்ப விலாசம் கேட்டால் ஊர்ப் பெயர் வராது. எண், பதவி, பெயர், கம்பெனி, பட்டாலியன், கடைசியில் '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' என்று ராணுவத் தபால் நிலையத்தின் பெயர், 9இல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான். 99 என்றால் கிழக்குப் பக்கம், 56 என்றால் மற்ற பக்கம் என்று ஒரு மாதிரி யூகிக்கலாம். ஊரை மறைக்கிறார்களே என்று சந்தேகப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். பத்திரிகை அடிக்கும் கட்டம் வந்தால் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று போடுங்கள், போதும். பட்டாலியன் எண்ணும் அது இப்போது இருக்கும் ஊரும் வேண்டாம், பத்திரிகை வாட்ஸ்அப்பில் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது, பையனும் அதைத்தான் சொல்வார்.